பதினான்காவது கணினி

அலுவலகத்தில் அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். யார் எந்தக் குறையோடு போன் செய்தாலும் அவர் முதலில் சொல்வது "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டுச் சொல்லுங்க" என்பதுதான். பத்தில் ஏழு குறைகள் அதிலேயே தீர்ந்துவிடும். மீதி மூன்றுக்காகத்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்பார். பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். இருபது வருடத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் அதையே அவருடைய உண்மைப் பெயரின் சுருக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நகரத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் குடிநீர் கொண்டுபோகும் நிறுவனம் அது. பதினொரு கிளைகள். அத்தனை கிளைகளின் கணினிகளுக்கும் வைத்தியம் பார்ப்பவர்கள் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், லிப்ட்டை ஒட்டிய நீள அறையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ரீஸ்டார்ட்டின் மேசை கடைசி மேசை. அவருடைய ஹெட்போனில் இடது காதுப் பஞ்சு கிழிந்து பல வருடமாகிறது. வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இடது காதை அறைக்கு விட்டிருப்பார்.

வயது ஐம்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதுதான் சரியான சொல். செய்துகொள்ளவில்லை என்று சொல்லும்படி அவர் எந்த முடிவையும் எடுத்தவரல்ல. சில வருடங்கள் அப்பாவின் நோயில் போயின. பிறகு தங்கையின் கல்யாணம். அதற்குப் பிறகு இவருக்குப் பெண் பார்க்கிற பேச்சு ஒருநாள் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. தங்கை வீட்டின் மாடி அறையில் இருந்தார். கீழே தங்கையும் அவள் கணவரும். ஏழரை மணிக்குக் கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு சேர்ந்து வாசல் வரை வந்து, ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு பட்டியலும் அதில் விடுபட்ட ஒரு வரியும்தான் இருக்கின்றன.

தலைமை அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு கிளை. அங்கே வரைபடங்களைச் சரிபார்க்கும் ஓர் அம்மா. பூமிக்கடியில் போகும் குழாய்களுக்கெல்லாம் பழைய வரைபடங்கள் உண்டு. துணியிலும் தடித்த காகிதத்திலும் கையால் வரைந்தவை. அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து, கணினியில் புதிதாக வரைந்துகொண்டிருந்தார்கள். பழையதில் இருப்பது அப்படியே புதியதிலும் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. இடப்பக்கத்து மானிட்டரில் பழைய படம், வலப்பக்கத்து மானிட்டரில் புதிய படம். குழாய் குழாயாக, வால்வு வால்வாகக் கண் இடமிருந்து வலம் போய்த் திரும்பும். முடிந்ததும் அடியில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆட்கள் தெருவில் கடப்பாறையை இறக்குவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் திரும்பி வந்ததில்லை. கிளையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் அப்டேட்டுக்கு மறுநாள் காலையில் அவர் முதன்முதலாகப் போன் செய்தார். மெல்லிய குரல்.

"சார், இடப்பக்கத்து மானிட்டர் செத்துப்போச்சு."

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு..."

"மூணு தடவை பண்ணியாச்சு சார். நாலாவது உங்களுக்காகப் பண்ணட்டுமா?"

ரீஸ்டார்ட் சிரித்துவிட்டார். அறையில் மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மானிட்டரின் அடியில் சின்ன விளக்கு எரிகிறதா, என்ன நிறம் என்று கேட்டார். ஆரஞ்சு என்றார் அந்த அம்மா. அப்படியென்றால் மானிட்டர் சாகவில்லை, அதற்குத் தகவல்தான் வரவில்லை. கேபிளைப் பிடுங்கி மாட்டச் சொன்னார், மாறவில்லை. பிறகு இங்கிருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்து பார்த்தார். திரைக்கும் கணினிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சிறு மென்பொருள் இருக்கும், டிரைவர் என்பார்கள். அப்டேட் வரும்போது பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டுப் போயிருந்தது. புதிதாக வந்ததற்கு இரண்டாவது திரை ஒன்று இருப்பதே தெரியாது. பழையதை மீட்டு வைக்க வேண்டும், ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், திரையைத் தேடச் சொல்ல வேண்டும். நாற்பது நிமிட வேலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கணினிக்கே தெரியாத திரை, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. "என்னால பார்க்க முடியாது மேடம். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார். எந்தத் திரை எது என்று காட்டும் பொத்தானை அழுத்தினார். முதல் திரையில் பெரிதாக ஒன்று என்ற எண் மட்டும் வந்தது. மறுபடி. மறுபடியும் ஒன்று மட்டும். நான்காவது முறை அந்தப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு வந்துடுச்சு சார்" என்றது குரல்.

அதோடும் முடியவில்லை. கணினி தன் வழக்கப்படி இரண்டாவது திரையை வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டது. மௌஸ் அம்பு இடப்பக்கம் போகாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மானிட்டரை வலப்பக்கம் மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டார். வலப்பக்கம் ஜன்னல், மத்தியானத்துக்கு மேல் வெயில் அடிக்கும், படத்தில் மெல்லிய கோடுகள் தெரியாது என்று பதில் வந்தது. ரீஸ்டார்ட், திரைகளைக் குறிக்கும் இரண்டு பெட்டிகளில் இரண்டாவதை இழுத்து முதலாவதன் இடப்பக்கம் கொண்டுபோய் ஒட்டினார். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, வெயில் வரும் ஒரு ஜன்னலை அவர் அன்று மனத்தில் வைத்துக்கொண்டார்.

அப்டேட் வருடத்துக்கு இரண்டு முறை வரும். இரண்டு முறையும் அந்த அம்மாவின் இடப்பக்கத்து மானிட்டர் இருண்டுபோகும். இரண்டு முறையும் அதே நாற்பது நிமிடம். வேலை என்று பார்த்தால் எட்டு நிமிடந்தான். மற்றதெல்லாம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டை ஓடி முடியும் வரை காத்திருப்பது. இரண்டு பேர் ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது கஷ்டம்.

அதனால் பேசினார்கள். பேசியதில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் கணவர் இறந்து பதினேழு வருடமாகிறது. மாமியாரை அவர்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்குத் தன் மகளோடு ஒத்துப்போகாது, மருமகளோடு ஒத்துப்போகும். ஜன்னலுக்குக் கீழே பஞ்சர் ஒட்டும் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் காற்றுப் பிடிக்கும்போது பாட்டுப் பாடுவார், யாராவது பார்த்தால் நிறுத்திவிடுவார். ரீஸ்டார்ட் தன் மாடி அறையைப் பற்றிச் சொன்னார். தங்கை துவைத்த துணியெல்லாம் அந்த அறை வழியாகத்தான் மொட்டைமாடிக்குப் போகும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் தான் ஈரப் புடவைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதாகவும் சொன்னார். "இன்னும் எத்தனை பர்சென்ட் சார்?" என்று நடுவில் கேட்பார் அந்த அம்மா. அறுபத்துநாலு என்பார் இவர். "அப்ப இன்னும் நேரமிருக்கு" என்று பேச்சு தொடரும்.

ஒருமுறை, பழைய வரைபடக்காரர் ஒருவர் தன் படங்களில் வடக்கு காட்டும் அம்பின் நுனியில் எறும்பளவுக்கு ஒரு பறவையை வரைந்து வைப்பார் என்றார் அந்த அம்மா. யாருக்கும் தெரியாது, பெரிதுபடுத்திப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றார் ரீஸ்டார்ட். அவருக்குத் தெரியும்படி அந்த அம்மா படத்தை வலப்பக்கத்துத் திரையிலேயே திறந்து, அம்பின் நுனியைப் பெரிதாக்கினார். ஒரு சிட்டுக்குருவி. ஆறு வருடப் பழக்கத்தில் அந்த அம்மா அவருக்குக் காட்டிய பொருள் அது ஒன்றுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் ரீஸ்டார்ட் இந்தக் குறைக்கு நிரந்தரமான மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்டேட் வரும்போது டிரைவரைத் தொடாதே என்று கணினிக்குச் சொல்லிவைக்க ஓரிடம் உண்டு. ஒரு பெட்டியில் ஒரு டிக். இரண்டு நிமிடம். நிறுவனம் முழுவதிலும் அதே ரகத்துக் கணினிகள் பதினான்கு இருந்தன. பட்டியல் எடுத்தார். ஒவ்வொன்றாக நுழைந்து டிக் போட்டார். பதின்மூன்று முடிந்தது.

பதினான்காவதைத் திறந்தார். மத்தியானம், அந்த அம்மா சாப்பிடப் போயிருக்க வேண்டும். திரையில் அசைவில்லை. டிக் போட்டால் அடுத்த அப்டேட்டுக்கு மானிட்டர் இருளாது. அதற்கு அடுத்ததற்கும் இருளாது. ரீஸ்டார்ட் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் செய்துகொள்ளலாம் என்று மூடினார்.

தெரிந்து செய்யும் தவறு பெரும்பாலும் செயலின் உருவத்தில் வருவதில்லை. தள்ளிப்போடுவதன் உருவத்தில் வருகிறது. அதனால் அதைச் செய்தவர் தாம் இன்னும் எதையும் செய்யவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்க முடிகிறது. ரீஸ்டார்ட் அப்படித்தான் நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு வருடத்தில் ஏழு அப்டேட்டுகள் வந்துபோயின. ஏழு முறையும் அந்த அம்மா போன் செய்தார், ஏழு முறையும் இவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நல்லவராக இருக்க அவருக்கு அதுவரை எந்தச் செலவும் ஆகியிருக்கவில்லை.

அப்டேட் தேதியை ஒரு வாரம் முன்பே அறிவிப்பார்கள். அன்றிலிருந்து அவர் நடையே வேறாக இருக்கும். அப்டேட்டுக்கு மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையில் கீழே இறங்கி வருவார்.

"போன்ல பேசறதுக்கு எதுக்குண்ணே இஸ்திரிச் சட்டை?" என்பாள் தங்கை.

"அவர் குரலுக்கு இஸ்திரி போட்டிருக்கார். சட்டைக்கும் கொஞ்சம் பட்டிருக்கு" என்பார் மாப்பிள்ளை.

ரீஸ்டார்ட் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். யார், என்ன என்று தங்கை பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஆபீஸ் விஷயம் என்பார். அது பொய்யல்ல என்பதுதான் அவருடைய வருத்தம். உண்மையிலேயே ஆபீஸ் விஷயத்தைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளை மூடியிருக்கும்.

பன்னிரண்டாவது அப்டேட் ஒரு புதன்கிழமை வந்தது. முந்தின நாள் செவ்வாய்க்கிழமையே அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, அறுத்து எடுத்து, நான்கு தையல் போட்டார்கள். வாரம் முழுவதும் வாயைத் திறக்கக் கூடாது. மாடி அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கும் பார்த்தார். தன் மேசைப் போனை வேறொருவர் எடுப்பார், வேறொருவர் நாற்பது நிமிடம் பேசுவார் என்ற நினைப்பு, தையலைவிட வலித்தது.

நடந்தது வேறு. அந்த அம்மா போன் செய்தார். வேறு குரல் எடுத்தது. ரீஸ்டார்ட் சார் இல்லையா என்று கேட்டார். லீவு, திங்கட்கிழமைதான் வருவார், என்ன பிரச்சினை சொல்லுங்கள் என்றார்கள். ஒன்றுமில்லை, அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். புகார் என்று எதுவும் பதிவாகவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவர் ஒரே திரையில் வேலை பார்த்தார். பழைய படமும் புதிய படமும் ஒன்றின் பின் ஒன்றாகத் திறந்திருக்கும். விசையை அழுத்தினால் பின்னால் இருப்பது முன்னால் வரும். பார்த்து, மனத்தில் வைத்து, மாற்றி, ஒப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம், மூன்று தெருக்கள் கூடும் இடத்துப் படம். புதிய படத்தை ஏதோ காரணத்துக்காக இரண்டு முறை திறந்திருந்தார். விசையை அழுத்தியபோது புதியது போய், அதே புதியது வந்தது. ஒரு மணி நேரம் ஒரே படத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வால்வு பிசகவில்லை. இவ்வளவு சுத்தமாக வரைந்திருக்கிறார்களே என்று வரைந்தவரைப் பாராட்டி ஓரத்தில் குறிப்புக்கூட எழுதி, கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ரீஸ்டார்ட் வந்ததும் போன் வந்தது. வீங்கிய வாயோடு அவர் பேசியதைக் கேட்டு அந்த அம்மா அடக்கமாட்டாமல் சிரித்தார். இவர் டிரைவரை மீட்டார், பெட்டியை இழுத்து இடப்பக்கம் ஒட்டினார். அந்த நாற்பது நிமிடம் போல இன்னொன்று அமைந்ததில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆட்கள் தெருவைத் தோண்டினார்கள். பெரிய குழாய் கிழக்கு ஓரம் போவதாகப் படம் சொன்னது. மேற்கு ஓரத்தில் போட்ட கடப்பாறை அதை உடைத்தது. யாருக்கும் காயமில்லை. மூன்று தெருக்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை.

அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிய விளக்கத்தின் நகல் மூன்றாம் மாடிக்கும் வந்தது, குறிப்பிட்ட இரண்டு நாட்களில் அந்தக் கணினியில் ஏதாவது புகார் இருந்ததா என்ற கேள்வியோடு. மேலாளர் அதை ரீஸ்டார்ட்டின் மேசையில் வைத்து, "புகார் எதுவும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்த அம்மாவைத் தபால் பதியற மேசைக்கு மாத்தப் போறாங்களாம்" என்றார்.

விளக்கம் இரண்டே வரி. 'இரண்டு படங்களை ஒப்பிட்டதாக எண்ணி ஒரே படத்தை இருமுறை பார்த்திருக்கிறேன். தவறு என்னுடையது.' மானிட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ரீஸ்டார்ட் தேதியைப் பார்த்தார். வியாழன், வெள்ளி. புகார் எதுவும் இல்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை எழுதிக்கொடுத்தால், இருபத்திரண்டு வருடம் பிசகாமல் பார்த்த கண்ணைத் தபால் உறை எண்ண அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். இஸ்திரிச் சட்டை போடவில்லை.

கிளை ஒரு பழைய இரண்டடுக்குக் கட்டடம். மாடிப்படி ஏறும்போது வரைபடச் சுருள்களின் புழுதி மணம் வந்தது. கடைசி அறையில் ஒரு மேசை, இரண்டு மானிட்டர், வலப்பக்கம் ஜன்னல். அவர் நினைத்திருந்ததைவிட அந்த அம்மா உயரமாக இருந்தார். நரையை மறைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார்.

பேனா நின்றது. நிமிர்ந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "பல் எப்படி இருக்கு சார்?" என்றார்.

ரீஸ்டார்ட் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார் அந்த அம்மா. ஆறு வருடம் போனில் தடையில்லாமல் வந்த பேச்சு, முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பஸ்ஸில் கூட்டமா என்று அவர் கேட்டார், கூட்டமில்லை என்று இவர் சொன்னார். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். பதினான்கு கணினி, பதின்மூன்று டிக், நான்கு வருடம்.

 முடிந்த பிறகு அந்த அம்மா கேட்டார்.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல மேடம். மறக்கல."

"அப்புறம்?"

"போட்டுட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களேன்னு."

கீழே பஞ்சர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"நாலு வருஷமா இந்த மிஷின் ராசியில்லாததுன்னு நினைச்சிட்டிருக்கேன் சார். வேற மிஷின் தரேன்னாங்க, வேண்டாம்னேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு மட்டும் தெரியும்போது எனக்கு எப்படிக் கலங்கும் தெரியுமா? நீங்க அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே 'பார்த்துச் சொல்லுங்க, பார்த்துச் சொல்லுங்க'ன்னு கேட்டுட்டிருந்திருக்கீங்க."

ரீஸ்டார்ட் தலையைக் குனிந்துகொண்டார். தான் எழுதப்போவதைச் சொன்னார். இந்தக் கணினியைத் தெரிந்தே விட்டேன், அதனால்தான் மானிட்டர் போனது, அதனால்தான் தவறு நடந்தது என்று எழுதித் தரப்போவதாகச் சொன்னார்.

"கையெழுத்து நான் போட்டது. மானிட்டர் போடல" என்றார் அந்த அம்மா. "ஒரு திரையில பார்க்க முடியலைன்னா வேலையை நிறுத்தியிருக்கணும். இல்லைன்னா அன்னைக்குப் போன் எடுத்தவங்ககிட்டயே சொல்லியிருக்கணும். அவங்களும் சரி பண்ணித் தந்திருப்பாங்க."

"ஏன் சொல்லல மேடம்?"

 அந்த அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

"நீங்க திங்கட்கிழமை வருவீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள்தானேன்னு இருந்துட்டேன்."

 மூன்று தெருக்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றதற்கான முழுக் காரணம் அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தது. எந்த விளக்கக் கடிதத்திலும் அதை எழுத இடமில்லை.

"அதைப் போட்டுட்டுப் போங்க" என்று எழுந்து நாற்காலியை விட்டார் அந்த அம்மா. ரீஸ்டார்ட் உட்கார்ந்தார். முதன்முறையாக இரண்டு திரைகளையும் தன் கண்ணாலேயே பார்த்தார். செட்டிங்ஸைத் திறந்து, பெட்டியைத் தேடி, டிக் போட்டு, மூடினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம்."

அந்த அம்மா பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே நான் கூப்பிடறதுக்குக் காரணம் எதுவும் இல்ல. காரணம் இல்லாம கூப்பிட எனக்கு வராது. பழக்கமில்ல" என்றார். படியிறங்கும் இடம் வரை கூட வந்தார். அங்கே நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "என் நம்பர் ஸ்டாஃப் லிஸ்ட்ல இருக்கு. உங்களுக்கு வருதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரீஸ்டார்ட் சொன்னபடி எழுதிக்கொடுத்தார். மேலாளர் படித்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினார்.

"தெரிந்தே விட்டேன்னு எழுதியிருக்கீங்க. மறதின்னு எழுதுங்க. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம்."

"மறதி இல்ல சார்."

"அப்ப காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அது ஏன் காலியா இருக்கு?"

"அதுல எழுத எதுவும் இல்ல சார்."

மேலாளர் காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். இருபது வருடத்தில் முதல்முறையாக அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சரி போங்க என்றார்.

அந்த அம்மா தன் மேசையிலேயே இருந்தார். கருவியின் குறையால் நேர்ந்த பிழை என்று கோப்பை மூடினார்கள். அது சரியில்லை, பாதிப் பிழை தன்னுடையது என்று அவர் இன்னொரு கடிதம் எழுதியதாகவும், மூடிய கோப்பைத் திறக்க முடியாது என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கேள்வி. ரீஸ்டார்ட்டைக் கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். கேபிள்களையும் பழைய கீபோர்டுகளையும் எண்ணி, சீட்டு ஒட்டி, கேட்டவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. அங்கே அவருக்குப் போன் கிடையாது.

அடுத்த அப்டேட் வந்தது. மறுநாள் காலை சாமான் அறையில் அவர் ஒரே பெட்டிக் கேபிள்களை மூன்று முறை எண்ணினார், மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. பதினொன்றரைக்கு மூன்றாம் மாடிக்குப் போய், கிளையிலிருந்து ஏதாவது புகார் வந்ததா என்று பொதுவாகக் கேட்டார். எதுவும் வரவில்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றார்கள். தன் வேலை சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கீழே இறங்கினார். ஒரு வேலையைச் சரியாகச் செய்ததற்காக அவ்வளவு துக்கப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஸ்டாஃப் லிஸ்ட் அவரிடம் இருந்தது. எண்ணும் மனப்பாடம். எத்தனையோ மாலைகளில் மாடி அறையில் போனைக் கையில் எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறார். பல் ஆறிவிட்டது. மானிட்டர் எரிகிறது. பிழைக்கு மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. எதைச் சொன்னாலும் அது ஒரு சாக்காக இருந்தது. சாக்குச் சொல்லிப் பேச அவருக்கு இனி விருப்பமில்லை. நான்கு வருடம் பேசியதெல்லாம் சாக்கில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி இருக்கும். தங்கை துணிகளோடு மொட்டைமாடிக்கு ஏறிப் போயிருந்தாள். ரீஸ்டார்ட் போனை எடுத்து எண்களை அழுத்திவிட்டார். யோசித்து அழுத்தியதாகச் சொல்ல முடியாது. நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுங்க சார்." அதே மெல்லிய குரல். "என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல மேடம்."

 அந்தப் பக்கத்தில் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வைத்துவிடுவாரோ என்று ரீஸ்டார்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். உள்ளிருந்து வயதான ஒரு குரல், யார் போனில், ஆபீஸா என்று கேட்டது.

"ஆபீஸ் இல்ல அத்தை. எனக்குத்தான்" என்றார் அந்த அம்மா.

வயதான குரலுக்குக் காது கேட்கவில்லைபோலும். மறுபடியும், யாருக்கு என்று கேட்டது. ஆறு வருடத்தில் ஒருமுறையும் உயர்ந்து கேட்டிராத அந்தக் குரல் உயர்ந்தது. அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"எனக்கு, அத்தை. போன் எனக்கு."